சேறா, பிசினா, புதுப் பந்தா? பிட்சருக்குப் பிடிமானம் தேடும் வழிகள்

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலுக்கான பந்து, கோஸ்டா ரிக்கா நாட்டின் துரியால்பா நகரில் உள்ள ராலிங்ஸ் தொழிற்சாலையில் கையால் தைக்கப்படுகிறது. நடுவில் கார்க்கும் ரப்பரும் சேர்ந்த உருண்டை, அதன்மேல் இறுகச் சுற்றிய நூல், அதற்கும் மேல் வெள்ளை மாட்டுத்தோல், சிவப்பு நூலில் 108 இரட்டைத் தையல்கள். எடை 142 முதல் 149 கிராம். பெட்டியைப் பிரித்து எடுத்த புதுப் பந்து பளபளப்பாக இருக்கும், விரலுக்கு வழுக்கும். அந்தப் பந்தைத்தான் 18.44 மீட்டர் தள்ளி நிற்கும் பேட்டரைத் தாண்டி, மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில், ஒரு சிறு கட்டத்துக்குள் பிட்சர் செலுத்த வேண்டும். விரல் நழுவினால் பந்து பேட்டரின் தலைக்கும் போகலாம். எனவே பந்துக்குப் பிடிமானம் வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எப்படி என்பதில்தான் நூறாண்டுச் சண்டை.

இன்று கைவசம் இருக்கும் வழிகள் நான்கு. பந்தைச் சேறு தேய்த்துப் பக்குவப்படுத்துவது ஒன்று. பிட்சர் கையில் ரோசின் பொடி தட்டிக்கொள்வது இன்னொன்று. சன்ஸ்கிரீன், பைன் தார், ஸ்பைடர் டாக் போன்ற பிசுபிசுப்பான பொருள்களை விரலில் பூசிக்கொள்வது மூன்றாவது; இது விதிக்கு விரோதம். தோலும் தையலும் முதலிலேயே விரலுக்கு இசைவாக இருக்கும்படி பந்தையே மாற்றிச் செய்வது நான்காவது. இவற்றை ஒப்பிடுகிறவர்கள் வழக்கமாக எது அதிகமாகப் பிடிக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். முதல் பந்திலிருந்து நூறாவது பந்து வரை எது மாறாமல் பிடிக்கிறது என்று பார்ப்பதே சரி என்பது இந்தக் கட்டுரையின் வாதம். இந்த அளவுகோலை வைத்தால் வழிகளின் வரிசையே மாறிவிடுகிறது.

முதலில் விரல் நுனியில் நடப்பதைப் பார்ப்போம். கை முன்னோக்கி வீசி வரும்போது பந்தின் பின்புறத்தை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தள்ளுகின்றன. கடைசிக் கணத்தில் கட்டைவிரல் விலகிவிட, அந்த இரண்டு விரல்களும் தையலை இழுத்தபடி பந்தை உருட்டி விடுகின்றன. பந்தின் சுழற்சி பிறப்பது அங்கேதான். சுழலும் பந்தின் மேலும் கீழும் காற்று வெவ்வேறு விதமாக விலகுவதால் ஃபாஸ்ட்பால் எதிர்பார்த்த அளவுக்கு இறங்காமல் வருகிறது, கர்வ்பால் திடீரென்று விழுகிறது. விரலுக்கும் தோலுக்கும் இடையே உராய்வு போதாவிட்டால் பந்து ஒரு கணம் முன்னதாகவே நழுவி மேலே போகும். உராய்வு மிகுந்தால் ஒரு கணம் தாமதமாக விடுபட்டு மண்ணில் குத்தும். அந்த ஒரு கணத்தைத்தான் பிட்சர் ஆயிரக்கணக்கான முறை எறிந்து உடம்பில் ஏற்றிக்கொள்கிறார். ஆகவே பிடிமானம் சற்றுக் குறைவாக இருந்தாலும் பழகிக்கொள்ளலாம். பந்துக்குப் பந்து மாறுகிற பிடிமானத்துக்கு யாராலும் பழக முடியாது. அதற்கு மேல், மனிதத் தோல் ஓர் ஒழுங்கான பொருளும் அல்ல. லேசான ஈரம் இருக்கும்போது நன்றாகப் பிடிக்கும். வறண்டுபோனால் வழுக்கும், வியர்வை வழிந்தாலும் வழுக்கும். ஏப்ரல் மாதக் குளிரில் டெட்ராய்ட்டில் எறியும் பிட்சரின் விரலும் ஆகஸ்ட் புழுக்கத்தில் செயின்ட் லூயிஸில் எறியும் அதே பிட்சரின் விரலும் ஒன்றல்ல.

சேற்றின் கதை இந்த விளையாட்டின் விசித்திரங்களில் ஒன்று. 1920க்கு முன்பு ஒரே பந்தை அழுக்கேறித் தையல் நைந்துபோகும் வரை ஆடுவார்கள். அதில் பிடிமானம் ஒரு பிரச்சினையே இல்லை. அந்த ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று நியூயார்க்கில் கார்ல் மேஸ் எறிந்த பந்து கிளீவ்லாண்ட் அணியின் ரே சாப்மன் தலையில் பட்டு, அவர் மறுநாள் இறந்தார். மேஜர் லீக் ஆட்டத்தில் பந்து பட்டு இறந்தவர் அவர் ஒருவரே. கறுத்துப்போன பந்து கண்ணில் படாததும் ஒரு காரணம் என்று பேச்சு எழ, அம்பயர்கள் அடிக்கடி புதுப் பந்தைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். பேட்டரின் கண்ணுக்கு நல்லதாக அமைந்தது பிட்சரின் விரலுக்குத் தொல்லையாகிவிட்டது. மைதானத்து மண்ணும் தண்ணீரும், புகையிலைச் சாறு, ஷூ பாலிஷ் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் பந்தில் தேய்த்துப் பார்த்தார்கள். சில தோலைக் கறைப்படுத்தின, சில தையலைக் கெடுத்தன. 1938இல் பிலடெல்பியா அத்லெட்டிக்ஸ் அணியின் பயிற்சியாளர் லீனா பிளாக்பர்ன், அம்பயர் ஒருவர் இதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டதைக் கேட்டு, நியூ ஜெர்சியில் டெலவேர் ஆற்றை ஒட்டிய ஓரிடத்திலிருந்து சேறு எடுத்து வந்து தேய்த்துக் காட்டினார். பந்து கறுக்கவில்லை, மினுக்கம் மட்டும் போயிற்று. 1950களுக்குள் மேஜர் லீக்கில் அடங்கிய இரண்டு லீக்குகளும் அதையே எடுத்துக்கொண்டன. எடுக்கும் இடம் எதுவென்று இன்றுவரை வெளியே சொல்வதில்லை. ஆயிரம் கோடி டாலர் புரளும் விளையாட்டு ஒன்று ஓர் ஆற்றோரச் சேற்றை நம்பி நடக்கிறது.

அந்தச் சேறு உண்மையிலேயே வேலை செய்கிறதா, வெறும் சம்பிரதாயமா? பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2024இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மனிதத் தோலின் மீள்தன்மையுள்ள ஒரு ரப்பர்ப் பொருளைச் செய்து, தோலில் சுரப்பது போன்ற எண்ணெயை அதன்மேல் தடவி, சேறு பூசிய தோலிலும் பூசாத தோலிலும் உரசிப் பார்த்தார்கள். கையில் எடுக்கும்போது திடமாக இருக்கும் சேறு, தேய்க்கும்போது முகத்துக்குப் போடும் கிரீம் போல இளகிப் பரவுகிறது. மாட்டுத்தோலின் நுண்துளைகளை நிரப்பிச் சமமாக்குகிறது. உலர்ந்தபின் மெல்லிய களிமண் படலம் விரலோடு சற்றே ஒட்டுகிறது. அதில் ஆங்காங்கே நிற்கும் மணல் துகள்கள் உராய்வைக் கூட்டுகின்றன. வழுக்கும் இடத்தைக் குறைத்து, பந்து முழுவதையும் ஒரே தன்மைக்குக் கொண்டுவருவதுதான் சேறு செய்யும் வேலை. நான் முன்வைக்கும் அளவுகோலுக்கு இது மிகவும் பொருந்தி வருகிறது. பந்து பேட்டரைச் சென்று சேரும் விதத்தில் பிட்சருக்குக் கள்ளத்தனமான சாதகம் எதையும் அது தருவதும் இல்லை. எதிரணிப் பிட்சருக்கும் அதே பந்துதான்.

ஆனால் சேற்றின் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. தேய்ப்பது மனிதக் கை. கிளப்பின் பணியாளர் ஒருவர் உள்ளங்கையை நனைத்து, விரல் நுனியில் கொஞ்சம் சேறு எடுத்து, பந்தை இரண்டு கைகளுக்கும் இடையே உருட்டுகிறார். அடுத்த பந்து, அதற்கடுத்த பந்து என்று ஓர் ஆட்டத்துக்குப் பல டஜன். முதல் டஜனில் இருக்கும் கவனம் கடைசி டஜனில் இருப்பதில்லை. ஒரு மைதானத்தில் அன்று காலை தேய்ப்பார்கள், இன்னொன்றில் முந்திய நாளே தேய்த்து மூடி வைத்துவிடுவார்கள். இந்த வேறுபாட்டை ஒப்புக்கொள்வது போல, 2022 பருவத்தின் நடுவில் லீக் ஒரு நடைமுறையை வகுத்தது. ஆட்டத்துக்கான பந்துகள் எல்லாவற்றையும் அன்றைய தினமே, ஒன்றுக்கொன்று மூன்று மணி நேர இடைவெளிக்குள் தேய்த்து முடிக்க வேண்டும். ஒவ்வொரு பந்தையும் குறைந்தது 30 விநாடி தேய்க்க வேண்டும். அதே பருவத்திலிருந்து 30 மைதானங்களிலும் பந்துகள் ஈரப்பத அறையில் வைக்கப்படுகின்றன; டென்வரில் மட்டும் இந்த ஏற்பாடு 2002 முதலே உண்டு. இவை பெரிய செய்திகளாகவில்லை. ஆனால் பிடிமானப் பிரச்சினையில் லீக் எடுத்த நடவடிக்கைகளில் மிகவும் புத்திசாலித்தனமானவை இவைதான் என்பேன். எந்தப் புதுப் பொருளும் சேர்க்காமல், இருக்கும் பொருளையே சீராகப் பயன்படுத்தச் செய்தார்கள்.

அடுத்தது ரோசின். பைன் மரப் பாலிலிருந்து எண்ணெயைக் காய்ச்சி எடுத்தபின் மிஞ்சும் கெட்டிப் பிசினைப் பொடித்துத் துணிப் பையில் கட்டினால் அதுதான் பிட்சர் நின்று எறியும் மேட்டுக்குப் பின்னால் கிடக்கும் ரோசின் பை. சட்டப்படி பிட்சர் தன் வெறுங்கையில் அதைத் தட்டிக்கொள்ளலாம். பந்திலோ கையுறையிலோ சட்டையிலோ போடக் கூடாது. பலரும் ரோசினை ஓர் ஏழைப் பிசினாக, கண்டிப்புக்குப் பயந்து பயன்படுத்தும் இரண்டாந்தரப் பொருளாக நினைக்கிறார்கள். ஜப்பானின் தோஹோக்கு பல்கலைக்கழகத்தில் விரல் நுனிக்கும் பந்துக்கும் இடையிலான உராய்வை அளந்த ஆய்வு இந்த எண்ணத்தைத் திருத்துகிறது. 2022இல் வெளிவந்த அந்த ஆய்வில், ஒட்டும் பொருள்கள் உராய்வைக் கூட்டின என்பது எதிர்பார்த்ததுதான். ரோசின் பொடியோ ஆளுக்கு ஆள் இருந்த வேறுபாட்டைக் குறைத்தது; ஈரமான விரலிலும் பிடிமானத்தைக் காத்தது. வியர்க்கும் கைக்காரரையும் வறண்ட கைக்காரரையும் ஏறத்தாழ ஒரே தளத்தில் கொண்டுவந்து நிறுத்தும் பொருள் என்றால், போட்டி விளையாட்டுக்கு அதைவிட நியாயமானது வேறு என்ன இருக்க முடியும்?

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. ரோசினோடு வியர்வையோ தண்ணீரோ சேர்த்துப் பிசைந்தால் அதுவும் பசைதானே, கோடு எங்கே போடுவது? மறுப்பில் நியாயம் இருக்கிறது. 2023 ஏப்ரல் 19 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் நியூயார்க் மெட்ஸின் மேக்ஸ் ஷெர்ஸர் ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, பத்து ஆட்டங்களுக்குத் தடை வாங்கினார். லீக் அதிகாரி ஒருவர் கண்முன்னேயே ஆல்கஹால் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்ததாகவும், கையில் இருந்தது வியர்வையும் ரோசினும் மட்டுமே என்றும் அவர் சொன்னார். அம்பயர்களோ கை அளவுக்கு மீறி ஒட்டியது என்றார்கள். அவரை வெளியேற்றிய அம்பயர் ஃபில் குஸ்ஸிதான், பிசுபிசுப்பான பொருள்கள்மீது 2021இல் கண்டிப்பு தொடங்கியபின் முதன்முதலாக ஒரு பிட்சரை, சியாட்டிலின் ஹெக்டர் சான்டியாகோவை, வெளியேற்றியவரும். அளவு பார்க்கும் கருவி அம்பயரின் விரல் என்னும்போது இப்படித்தான் ஆகும். ஆனால் இது ரோசினின் குறை அல்ல, சோதனையின் குறை. ரோசினைத் தடை செய்தால் பிட்சர்கள் வேறு எதையாவது தேடிப் போவார்கள். அந்த வேறு எதையாவதை அம்பயரின் விரல் இன்னும் மோசமாகத்தான் அளக்கும். கிரிக்கெட்டிலும் ஐசிசி எச்சிலைத் தடை செய்து வியர்வையை விட்டுவைத்தது; இங்கும் அப்படியொரு கணக்குத்தான் சரி: கைக்கு எட்டும், எல்லாருக்கும் பொதுவான, தனக்கென்று வரம்புள்ள ஒரு பொருளை அனுமதித்துவிட்டு மற்றதை மூடுவது.

இனி விலக்கப்பட்ட பொருள்கள். எச்சில் தடவிய பந்து 1920 பிப்ரவரியிலேயே தடைசெய்யப்பட்டது. அதை நம்பிப் பிழைத்த 17 பிட்சர்களுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள், அவர்களில் கடைசியானவரான பர்லி கிரைம்ஸ் 1934 வரை எறிந்தார். எச்சில் பந்தின் நோக்கம் விரலிலிருந்து வழுக்கி, சுழலாமல் போவது. பிசின் அதற்கு நேர்மாறு, அதிகமாகச் சுழற்றுவதற்கு. பேட்டர்கள் மட்டையின் பிடியில் 18 அங்குலம் வரை பைன் தார் பூசிக்கொள்ளலாம் என்பதால், அந்தப் பொருள் எல்லா அணிகளின் அறையிலும் எப்போதும் இருந்தது. பிட்சரின் கழுத்திலும் தொப்பியிலும் அது தென்பட்டால் எதிரணியும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. யாங்கீஸ் அணியின் மைக்கேல் பினேடா 2014 ஏப்ரலில் பாஸ்டனில் கழுத்தில் பளிச்சென்று தெரியும்படி அப்பிக்கொண்டு வந்து மாட்டிக்கொண்டபோது, அவர் செய்ததைவிட அவர் மறைக்கத் தெரியாததுதான் கேலிக்கு உள்ளானது. அந்த மௌன ஒப்பந்தம் உடைந்ததற்குக் காரணம் அளவிடும் கருவிகள். பந்தின் சுழற்சியை ஒவ்வொரு எறிதலிலும் அவை எண்ணத் தொடங்கியதும், எந்தப் பிசின் எத்தனை சுற்று கூட்டுகிறது என்று பிட்சர்களால் சோதித்துப் பார்க்க முடிந்தது. அப்படித்தான் வலுவான மனிதர் போட்டிகளில் கனத்த கல் உருண்டைகளைத் தூக்குவதற்காகச் செய்யப்பட்ட ஸ்பைடர் டாக் என்ற பசை பேஸ்பால் மேட்டுக்கு வந்து சேர்ந்தது. அதைப் பூசிய விரலைப் பந்திலிருந்து எடுக்கும்போது பிரியும் சத்தமே கேட்கும் என்பார்கள்.

2021 ஜூன் தொடக்கத்தில் கண்டிப்பு வரப்போகிறது என்ற பேச்சு பரவியதுமே, ஒரு பிட்சரும் தண்டிக்கப்படுவதற்கு முன்னால், லீக்கின் சராசரி ஃபாஸ்ட்பால் சுழற்சி இறங்கத் தொடங்கியது. நிமிடத்துக்கு 2,300 சுற்றுக்குச் சற்று மேலே இருந்தது, சில வாரங்களில் ஏறக்குறைய நூறு குறைந்தது. ஜூன் 21 முதல் ஒவ்வொரு பிட்சரையும் அம்பயர்கள் சோதிக்கத் தொடங்கினார்கள். பிசின் வெறும் பிடிமானத்துக்காக என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது. பிடிமானம் மட்டுமே நோக்கமென்றால் சுழற்சி இப்படிச் சரிந்திருக்க வேண்டியதில்லை.

பிசினுக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதில் மிகவும் கனமானது பேட்டரின் பாதுகாப்பு. பிட்சரின் கை ஒட்டினால் பந்து தலைக்குப் போகாது, எனவே பேட்டர்களே இதை விரும்புகிறார்கள் என்பது அந்த வாதம். சில பேட்டர்கள் அப்படிச் சொல்லவும் செய்தார்கள். ஆனால் பிசின் பயன்பாடு உச்சத்தில் இருந்த 2021இன் முதல் மாதங்களில்தான், பந்து பட்ட பேட்டர்களின் விகிதம் முந்தைய நூறாண்டில் எந்தப் பருவத்திலும் இல்லாத அளவுக்கு ஏறியிருந்தது. லீக் தன் அறிவிப்பிலேயே இதைக் குறிப்பிட்டது. பிசின்தான் அடிபட வைத்தது என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. வேகம் கூடியதும், உள்பக்கமாக உயர எறிவது வழக்கமானதும் காரணங்களாக இருக்கலாம். ஆனால் பிசின் காப்பாற்றும் என்ற வாக்குறுதி பொய்த்தது என்பதற்கு அது போதும். கூடுதல் பிடி கிடைத்தவர் அதைக் கட்டுப்பாட்டுக்குச் செலவழிக்கவில்லை. இன்னும் வேகமாக, இன்னும் கூர்மையாக எறிவதற்கே செலவழித்தார்.

இன்னொரு மறுப்பு பிட்சரின் முழங்கையைப் பற்றியது. டாம்பா பே அணியின் டைலர் கிளாஸ்னோ 2021 ஜூனில் முழங்கைத் தசைநார் கிழிந்து வெளியேறினார், பிறகு அறுவைச் சிகிச்சையும் செய்துகொண்டார். அதுவரை சன்ஸ்கிரீனும் ரோசினும் கலந்து பயன்படுத்தி வந்ததாகவும், திடீரென்று அதை நிறுத்தியதால் பந்தைக் கைக்குள் ஆழமாக வைத்து இறுக்கிப் பிடிக்க வேண்டி வந்ததாகவும், காயத்துக்கு அதுவே காரணம் என்று தான் நம்புவதாகவும் அவர் வெளிப்படையாகச் சொன்னார். ஒரு பிட்சரின் காயத்தை வைத்து மருத்துவ முடிவுக்கு வர முடியாது. ஆனால் அவருடைய குறையை உற்றுக் கேட்டால், பருவத்தின் நடுவில் மாற்றினீர்களே, ஓய்வுக் காலத்தில் சொல்லியிருந்தால் பழகிக்கொண்டிருப்பேனே என்பதுதான் அதன் மையம். பிடிமானத்தின் அளவைவிட அதன் மாற்றம்தான் உடம்பைப் பாதிக்கிறது என்று அனுபவப்பட்ட ஒருவரே சொல்வதாக இதை எடுத்துக்கொள்ளலாம். லீக் செய்தது சரி, செய்த நேரம் தவறு.

அப்படியானால் ஸ்பைடர் டாக்கை விலக்கிவிட்டு, சன்ஸ்கிரீனையாவது அனுமதிக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நடுவழிபோலத் தெரியும் இந்த யோசனை என் கணக்கில் எல்லாவற்றிலும் மோசமானது. சன்ஸ்கிரீன் ஒரு பொருள் அல்ல, நூறு பொருள். ஒவ்வொரு தயாரிப்பும் ரோசினோடு ஒவ்வொரு விதமாகக் கெட்டிப்படும். வெயிலில் ஒரு மாதிரி, இரவு ஆட்டத்தில் வேறு மாதிரி. எவ்வளவு பூசினார், எத்தனை முறை பூசினார் என்று பார்க்க வழியில்லை. மூடிய கூரை உள்ள மைதானத்தில் இரவு ஏழு மணிக்கு சன்ஸ்கிரீன் எதற்கு என்று கேட்டால் சிரிப்புத்தான் பதில். சமமும் இல்லை, சீரும் இல்லை, சோதிக்கவும் முடியாது.

பந்தையே மாற்றலாமே என்பவர்கள் ஜப்பானைக் காட்டுகிறார்கள். அங்கே தொழில்முறை லீக்கின் 12 அணிகளும் 2011 முதல் மிசுனோவின் ஒரே பந்தில் ஆடுகின்றன. அதன் தோல் இயல்பாகவே விரலில் பற்றுகிறது. அங்கிருந்து அமெரிக்காவுக்கு வரும் பிட்சர்கள் முதலில் சொல்வது இங்குள்ள பந்து வழுக்குகிறது என்பதைத்தான். தோஹோக்கு ஆய்வும் அமெரிக்கப் பந்தில் உராய்வு குறைவு என்றே கண்டது. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் எஸ்.எஸ்.கே. நிறுவனத்தின் பற்றும் பந்தில் எறிந்த அமெரிக்க வீரர்கள் அதைப் பாராட்டிவிட்டுத் திரும்பினார்கள். பிடிமானம் பந்திலேயே இருந்தால் அது இரு அணிகளுக்கும் பொது, எல்லா விரல்களுக்கும் பொது, ஒளிக்க எதுவும் இல்லை. கொள்கையளவில் இதுவே சிறந்த வழி, நான் வைத்த அளவுகோலிலும் இதுவே முதலிடம்.

நடைமுறையில் ஏன் இன்னும் வரவில்லை? 2018 முதல் ராலிங்ஸ் நிறுவனத்தில் லீக்குக்கே பங்கு உண்டு, ஆகவே மனம் இல்லை என்று சொல்ல முடியாது. கடினம் வேறிடத்தில் இருக்கிறது. பற்றும் பந்தைச் சிறிய லீக்குகளில் சோதித்துப் பார்த்தார்கள். 2023 பருவத்தின் முதல் பாதியில் அவற்றில் ஒன்றான சதர்ன் லீக் முழுவதும் அந்தப் பந்தில் ஆடியது. ஸ்ட்ரைக்அவுட்டுகள் கூடின, இரண்டாம் பாதியில் வழக்கமான பந்துக்கே திரும்பிவிட்டார்கள். பேட்டர்கள் பந்தைத் தொடவே திணறும் காலத்தில், பிட்சருக்கு இன்னும் சுழற்சி கொடுக்கும் பந்தை எந்த லீக் விரும்பும்? ஜப்பானிய மரபில் பேட்டர்கள் தொடுவதற்காகவே ஆடுகிறார்கள், அந்தப் பந்தோடு வளர்ந்திருக்கிறார்கள். ஒரே பந்தை வேறு ஆட்டப் பண்பாட்டில் போட்டால் விளைவும் வேறாகிறது. பந்தை மாற்றுவது எவ்வளவு நுட்பமான காரியம் என்பதற்கு ஜப்பானே சாட்சி: 2013இல் யாருக்கும் சொல்லாமல் பந்தை அதிகம் துள்ளும்படி மாற்றியது அம்பலமாகி, லீக்கின் ஆணையர் ரியோஸோ கத்தோ பதவி விலக நேர்ந்தது.

பசை இல்லாமலும் பந்தை மாற்றலாம், தையலின் உயரத்தைக் கூட்டுவதன் மூலம். மேஜர் லீக் பந்தின் தையல் தட்டையானது. அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் உயர்ந்த தையல் இருந்தது. விரல் நுனிக்கு நல்ல பிடி, ஆனால் காற்றின் தடையும் கூடி ஹோம்ரன்கள் வற்றிப்போயின. அதனால் 2015இல் அவர்களும் 0.048 அங்குலத்திலிருந்து 0.031 அங்குலத்துக்கு இறக்கினார்கள், பந்து தூரமாகப் பறக்கத் தொடங்கியது. அங்குலத்தில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லாத வித்தியாசம் இது. ஆட்டத்தின் சமநிலை அந்த அளவுக்கு மெல்லியது.

ஆகவே தேர்வு செய்பவர் யார் என்பதைப் பொறுத்து விடை மாறும். ஒரு லீக்கையோ போட்டியையோ நடத்துகிறவருக்கு முதல் வேலை, பருவம் முழுவதற்கும் ஒரே தயாரிப்பு, ஒரே மாதிரிப் பந்தை வாங்கி ஒரே இடத்தில், வெயிலும் ஈரமும் படாமல் வைப்பது. இரண்டாவது, ஆட்டத்தன்று ஒருவரே உட்கார்ந்து எல்லாப் பந்துகளையும் ஒரே நேரத்தில் தேய்ப்பது. பிளாக்பர்ன் சேறு தனியாருக்கும் விற்கப்படுகிறது, கொஞ்சம் வாங்கினாலே நெடுநாள் வரும். கிடைக்காவிட்டால் மைதானத்து மண்ணைக் குழைத்துத் தேய்க்க ஆசை வரும். கரடுமுரடான மணல் தோலைக் கீறிவிடும், கீறிய பந்து காற்றில் விதிவிரோதமாக வளையும், எனவே சேறு இல்லையென்றால் சும்மா விடுவதே மேல். சிறுவர் ஆட்டத்துக்கு வேறு கணக்கு. அங்கே ஹோம்ரன் குறைவதைப் பற்றிக் கவலையில்லை, விரல்கள் சின்னவை, எனவே தையல் உயர்ந்த பந்தே பொருத்தம். மலிவான செயற்கைத் தோல் பந்துகள் நனைந்தால் சோப்பாகிவிடும். தோல் பந்து கொஞ்சம் விலை கூடினாலும் வாங்கலாம்.

பயிற்சியாளர் கவனிக்க வேண்டியது ஒன்றுதான், ஆனால் அதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். பயிற்சியில் வாளி நிறையப் பழைய, நைந்த, அழுக்கேறிய பந்துகளை எறியவிட்டு, ஆட்டத்தன்று புதுப் பந்தைக் கையில் கொடுத்தால் பிட்சர் தடுமாறாமல் என்ன செய்வார்? வாரத்தில் ஒரு முறையாவது ஆட்டப் பந்தை, ஆட்டத்துக்குத் தேய்ப்பது போலவே தேய்த்துக் கொடுக்க வேண்டும். குளிர் நாளில் எறியப்போகிறவர் குளிர் நாளில் பயிற்சி எடுக்கட்டும்.

பிட்சர் தன் கையில் வைத்திருக்கக் கூடியது ரோசின் பை மட்டுமே. அதைக் கொஞ்சமாக, ஒவ்வொரு முறையும் அதே அளவில், கையில் மட்டும் தட்டிக்கொள்ளப் பழக வேண்டும். அடுக்கடுக்காக அப்பினால் கட்டியாகி, அம்பயர் கையைப் பிடித்துப் பார்க்கும்போது விளக்கம் சொல்ல வேண்டி வரும். வியர்க்கும் கையென்றால் முதலில் துடைத்துவிட்டுப் பொடி, வறண்ட கையென்றால் முன்கை வியர்வையில் லேசாகத் தொட்டுவிட்டுப் பொடி. மழை தூறினால் தரையில் கிடக்கும் பை நனைந்து வீணாகும் என்பதற்கும் மேஜர் லீக் விதிப் புத்தகத்தில் வழி சொல்லியிருக்கிறார்கள்: பையை எடுத்துப் பின் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளும்படி பிட்சருக்கு அம்பயர் சொல்லலாம்.